ரெக்கார்டுக்காரர் பதில்கள்

காவேரிப்பட்டினத்தில் நெடுங்காலம் மைக் செட் கடை நடத்தியவர், வெளிநாட்டு இசைத்தட்டுகள் பற்றி நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

ஜாஸ் கேட்க ஆசைப்பட்டு விசாரித்தால் எல்லாரும் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைத்தான் கை காட்டுகிறார்கள். போட்டேன். பாதியிலேயே தூங்கிவிட்டேன். கோளாறு என்னிடமா, ரெக்கார்டிலா?
— கல்லூரி மாணவர், பென்னாகரம்

ரெண்டு பேரிடமும் இல்லை தம்பி. ராத்திரி படுத்துக்கொண்டு போனில் போட்டிருப்பீர்கள். யார் போட்டாலும் தூக்கம் வரும்.

அதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’. அதுவும் 1959ல் வந்ததுதான். அதில் ‘டேக் ஃபைவ்’ என்று ஓர் உருப்படி. பியானோ ஆரம்பித்ததும் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள், ஐந்தில் நிற்கும். நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக நடக்கும். இது மூன்றும் இரண்டுமாக நடக்கிறது, அவ்வளவுதான். பியானோ அந்த ஒரே நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஜோ மொரெல்லோ ட்ரம்ஸில் தனி வாசிப்பார். மெட்டுப் போட்டது ப்ரூபெக் இல்லை, சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அதே தட்டின் முதல் உருப்படி ஒன்பதில் போகும்: 2, 2, 2, 3. அமெரிக்க அரசு 1958ல் அனுப்பிய சுற்றுப்பயணத்தில், துருக்கியில் தெருப் பாட்டுக்காரர்கள் வாசிக்கக் கேட்டுப் பிடித்த தாளம். அந்தப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்து போனார்கள்.

இரண்டாவது, ‘கின்ஸ்மென்’, 2008. ருத்ரேஷ் மகந்தப்பா என்கிற அமெரிக்க ஜாஸ்காரரும் நம் கத்ரி கோபால்நாத்தும் ஆளுக்கொரு சாக்ஸஃபோனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வயலின் கன்யாகுமரி, மிருதங்கம் பூவலூர் ஸ்ரீஜி. கோயில் கச்சேரியில் கத்ரியைக் கேட்ட காதுக்கு, எது யார் ஊதுவது என்று பிரித்துச் சொல்ல முடியும். அதுவே ஒரு விளையாட்டு.

இது ரெண்டும் பழகின பிறகு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்குத் திரும்பி வாருங்கள். முதல் உருப்படி ‘சோ வாட்’. அதில் டேவிஸின் ட்ரம்பெட்டைத் தேடாதீர்கள். பால் சேம்பர்ஸ் வாசிக்கிற பெரிய பேஸை, கீழ் ஓசைக்கான அந்தத் தந்திக் கருவியைக் கேளுங்கள். மெட்டைச் சொல்வதே அதுதான், மற்றவர்கள் ரெண்டு ரெண்டு ஸ்வரத்தில் ‘ஆமாம்’ போடுகிறார்கள். ஸ்வரங்களைப் பார்த்தால் நம் கரகரப்ரியா. பதினாறு பார் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) ஒரு சுருதியில், எட்டு பார் அரை ஸ்வரம் தூக்கி, மறுபடி எட்டு பார் பழைய இடத்தில். இந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டால் தூக்கம் வராது. மார்ச் 2, ஏப்ரல் 22 என்று ரெண்டே நாளில் பதிவு செய்த தட்டு அது. வாசித்தவர்கள் பலரும் மெட்டு எழுதிய தாளை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் போட்டவர் நீங்கள். உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?
— வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

குழாய் ஸ்பீக்கரால் பிடித்தது. புளியமரத்தில் கட்டுகிற அந்தக் குழாய் மூணு மைலுக்குக் கேட்கும், ஆனால் கீழ் ஓசையைச் சுத்தமாக விழுங்கிவிடும். அதன் அமைப்பே அப்படி. குரலும் வயலினும் ஊர் தாண்டிப் போகும், பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பியும் அங்கேயே செத்துவிடும். நாங்களும் அதைத்தான் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெங்களூரில் ஒரு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வெளிநாடு போனவர்களிடம் ரெக்கார்டுகளை மொத்தமாக எடுத்தேன். இந்திப் பாட்டுக்காக எடுத்தது, அடியில் இங்கிலீஷ் தட்டுகள் கிடந்தன. கூடவே ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் வந்தது. அதில் போட்டபோதுதான் பாட்டுக்கு அடித்தளம் என்று ஒன்று இருப்பதே காதில் விழுந்தது. அன்றிலிருந்து எந்தத் தட்டைப் போட்டாலும் கீழே என்ன நடக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் அந்தப் பக்கச்சார்பு இருக்கும். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

இளையராஜாவைவிட இந்த வெளிநாட்டுக்காரர்களெல்லாம் பெரிய ஆட்களா?
— வாசகர், அரூர்

போட்டி வைக்க நான் நடுவர் இல்லை. ராஜாவின் 1986ஆம் வருஷத்து ‘ஹவ் டு நேம் இட்’டை நல்ல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவருடைய சினிமாப் பாட்டு ஏதாவது ஒன்றில் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். நீங்கள் கேட்ட கேள்வியே உங்களுக்கு மறந்துபோகும்.

என் கணவர் ஓசூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பழைய ரெக்கார்டு ப்ளேயர் ஒன்றைச் சரிசெய்து வைத்திருக்கிறார். பரிசாக ஒரு சோல் எல்.பி. வாங்கித் தர வேண்டும். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
— ஆசிரியை, ஊத்தங்கரை

சோல், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவர் உருகிப் பாடுகிற பாட்டு; அதில் ஒரு எல்.பி., பெரிய ரெக்கார்டு, என்றால் யோசிக்கவே வேண்டாம் டீச்சர். பில் விதர்ஸ், ‘ஜஸ்ட் அஸ் ஐ ஆம்’, 1971.

அட்டையைப் பார்த்ததும் உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடித்துவிடும். தொழிற்சாலைச் சுவரோரம் ஒரு மனிதர் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். வேஷம் இல்லை, அவர் வேலை பார்த்த இடமே அது. விமானத்துக்குக் கழிப்பறை இருக்கைகள் செய்கிற வேலை. மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். சின்ன வயசிலிருந்தே திக்குவாய். ஒன்பது வருஷம் கடற்படையில் இருந்தார். முதல் எல்.பி. வந்தபோது வயசு 32. பாட்டுத் தொழில் எத்தனை நாள் ஓடுமோ என்று வேலையை விடவும் அவருக்குத் தயக்கம் இருந்தது. 1985க்குப் பிறகு புது எல்.பி. எதுவும் போடாமல், போதும் என்று வீட்டில் இருந்துவிட்டார். 2020ல் காலமானார்.

‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ இந்தத் தட்டில்தான் இருக்கிறது. நடுவில் ‘எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்’ என்று 26 தடவை சொல்வார். அங்கே வேறு வரிகள் எழுதிப் போடுவதாக இருந்தார். கூட வாசித்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். தட்டைத் தயாரித்தது புக்கர் டி. ஜோன்ஸ். பேஸ் ‘டக்’ டன். ரெண்டு ஸ்வரம் வாசிக்க இடமிருந்தால் ஒன்றை வாசிப்பார், அதையும் சரியான நேரத்துக்கு வாசிப்பார். பாட்டியின் கைகளைப் பற்றி ஒரு பாட்டும் உண்டு. அதைப் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

ஒன்று என்று கேட்டீர்கள். ஒன்று போதாமல் போனால் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, அதே 1971. அதில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையில் ஒரே ஒரு விரலால் இழுப்பவர். தலைப்புப் பாட்டைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்தார் என்று கதை உண்டு. அதுவரை அவர் வாசிப்பு இருந்த எந்த மோடவுன் கம்பெனித் தட்டிலும் பெயர் போடாதவர்கள், இதில்தான் வாசித்தவர்கள் பெயரை அட்டையில் போட்டார்கள். நம் ஊரிலும் பேஸ்காரர் பெயர் யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்.

வயசான பிறகு மேடைக்கு வந்தவர்கள் சோலில் இன்னும் இருக்கிறார்கள். ஷரோன் ஜோன்ஸ் சிறைக் காவலராக இருந்தவர், முதல் எல்.பி. வரும்போது 46. சார்ல்ஸ் ப்ராட்லிக்கு 62. அந்த ‘நோ டைம் ஃபார் ட்ரீமிங்’ 2011ல்தான் வந்தது, சத்தம் மட்டும் 1968 மாதிரி இருக்கும். அடுத்த பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நியூ வேவ் ராக் பாட்டு என்றால் எனக்கு சிந்தசைசரும் தூக்கி வாரிய தலைமுடியும்தான் ஞாபகம் வருகிறது. அதைத் தாண்டி ஏதாவது உண்டா?
— மென்பொருள் பணியாளர், ஓசூர்

தலைமுடி கொட்டிப்போன பிறகும் நிற்கிற ரெண்டு தட்டுகள், ரெண்டும் 1980.

ஒன்று, கார்டிஃப் ஊரைச் சேர்ந்த யங் மார்பிள் ஜயன்ட்ஸ் போட்ட ‘கொலோசல் யூத்’. அண்ணன் தம்பி ரெண்டு பேர், பாட ஒரு பெண், அவ்வளவுதான் குழு. ட்ரம்ஸுக்கு ஆள் கிடையாது, வீட்டில் செய்த சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி டிக் டிக் என்று தட்டும். கிட்டார் எலும்பாக இருக்கும். அலிசன் ஸ்டாட்டன் மேடைக்கென்று தொண்டையைத் தயார் செய்யாமல், துணி மடித்துக்கொண்டே பாடுகிற மாதிரி பாடுவார். மெட்டைத் தூக்கிப் போவது பேஸ். இந்த ஒரே ஸ்டுடியோ எல்.பி.யோடு பிரிந்துவிட்டார்கள். காசில்லாமலும் கருவியில்லாமலும் பாட்டுப் போட நினைக்கிற நம் பிள்ளைகள் எல்லாரும் கேட்க வேண்டியது.

ரெண்டாவது, அமெரிக்காவின் டாக்கிங் ஹெட்ஸ் குழு போட்ட ‘ரிமெய்ன் இன் லைட்’. இதை இண்டி, ராக், ஆப்பிரிக்கத் தாளம் என்று என்ன பெயர் சொல்லி விற்றாலும், நம் ஜில்லாக்காரனுக்கு ஒரு வழி தெரியும். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர்கள் நள்ளிரவுக்கு மேல் ஒரே நடையில் நின்று, சாமி வருகிற வரைக்கும் மேலே மேலே ஏற்றுவார்கள் இல்லையா? மெட்டு மாறாது, சூடு மாறும். இந்தத் தட்டின் முதல் பக்கம் முழுக்க அதுதான். கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்து, மாறுவதே கிடையாது. டீனா வெய்மவுத் பேஸில் நாலைந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு நகராமல் நிற்க, மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நைஜீரியாவின் ஃபெலா குட்டியைக் கேட்டுக் கேட்டு, தட்டைத் தயாரித்த ப்ரையன் ஈனோவும் இவர்களும் சேர்ந்து கட்டினது. ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டில் குழுவின் பாடகர் டேவிட் பர்ன் பேசுகிற தோரணை, அமெரிக்க ரேடியோவில் பிரசங்கம் பண்ணுகிறவர்களைக் கேட்டு எடுத்தது. அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலிலும் வருவார்.

சிந்தசைசரே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’, 1983, ஏழரை நிமிஷம். அதன் உறையை ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி வெட்டியிருப்பார்கள். அந்த டிஸ்க்கைப் பார்த்தவர்கள் உங்கள் அலுவலகத்தில் யாராவது மிச்சம் இருந்தால் காட்டுங்கள்.

பஜனைப் பாட்டு தவிர வேறெதுவும் கேட்காதவள் நான். பேத்தி உங்கள் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறாள். எனக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, கிருஷ்ணகிரி பழையபேட்டை

உங்களுக்குத்தான் அம்மா நிறைய இருக்கிறது.

கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914ல் பிறந்தவர் சச்சிதானந்தர். அமெரிக்கா போய் யோகம் சொல்லிக் கொடுத்தார். 1969ல் வுட்ஸ்டாக் என்கிற பெரிய பாட்டுத் திருவிழாவைப் பேசித் தொடங்கி வைத்த சாமி அவர்தான். அவருக்குச் சிஷ்யையாக இருந்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன், ஜாஸ் பியானோக்காரர். கணவர் ஜான் கோல்ட்ரேன், சாக்ஸஃபோனில் அவரைத் தாண்டி ஆளில்லை என்பார்கள். 1967ல் நாற்பது வயசில் போய்விட்டார். மனைவிக்காக அவர் ஆர்டர் கொடுத்திருந்த ஹார்ப் என்கிற பெரிய யாழ், அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆலிஸ் அதைத் தானே கற்றுக்கொண்டு வாசித்தார். ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்கிற எல்.பி. 1971ல் வந்தது. தம்புரா இழுக்கிறது, அடியில் பேஸ் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, மேலே ஹார்ப் தண்ணீராகக் கொட்டுகிறது. பாட்டு கிடையாது, சொல் கிடையாது. உங்களுக்கு அது குறையாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

சொல் வேண்டும் என்றால் அதுவும் உண்டு. பிற்காலத்தில் அவர் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் வைத்து, ஆர்கன் வாசித்துச் சமஸ்கிருத பஜனைகள் பாடினார். கேசட்டில் மட்டும் இருந்தவற்றிலிருந்து ஒரு தொகுப்பை லுவாகா பாப் நிறுவனம் 2017ல் எல்.பி.யாகக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர், மேலே சொன்னேனே, அந்த டேவிட் பர்ன். அமெரிக்க தேவாலயத்துக் கைத்தட்டலில் நம் நாமாவளி வரும். முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பு வரலாம், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

கணவர் ஜானின் ‘எ லவ் சுப்ரீம்’ மூன்றாவதாக. 1964 டிசம்பர் 9ஆம் தேதி ஒரே நாளில் பதிவு. வெளிவந்தது 1965ல், நம் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான வருஷம். பேஸில் நாலே ஸ்வரம் தொடங்கும், கொஞ்ச நேரம் கழித்து ஜான் அந்த நாலு ஸ்வரத்திலேயே தலைப்பை ஜபம் மாதிரி வாயால் சொல்வார். கடைசிப் பகுதியில் தானே எழுதிய ஒரு பிரார்த்தனையை எழுத்தெழுத்தாக சாக்ஸஃபோனில் வாசிக்கிறார். அந்தப் பிரார்த்தனை அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. பேத்தியைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா 2024ல் போட்ட ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ இந்த வழியில் வந்த புதுத் தட்டு. அதைப் பேத்தி தானே தேடிப் போடட்டும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் பட்டறை. தூசியில் ரெக்கார்டு எல்லாம் கரகரக்கிறது. இதில் அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ப்ளேயர் வேறு மெதுவாக ஓடுகிறது.
— வாசகர், பர்கூர்

தூசிக்கு முதலில். கல் தூசியைத் துணியால் துடைத்தால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தது போலத்தான். முதலில் மெல்லிய ப்ரஷ்ஷால் ஓட்டிவிடுங்கள். பிறகும் அழுக்கு இருந்தால், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, பள்ளம் போகிற திசையிலேயே கழுவி, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. பழைய 78 தட்டு அரக்கு, அதில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். அதற்கு முள்ளும் வேறு, எல்.பி. முள்ளைவிடத் தடிமனானது. அடுக்குப் போடாமல் நிறுத்தி வையுங்கள். சித்திரை வைகாசியில் ஷீட் போட்ட மேல்ரூமில் விட்டால் அப்பளமாகிவிடும்.

மாமாவின் ப்ளேயர் கதை எனக்குப் பழக்கமானது. 110 வோல்ட்டுக்கு இறக்க டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியிருப்பீர்கள். அது வோல்ட்டை மாற்றும், சைக்கிளை, அதாவது கரண்ட் ஒரு விநாடியில் எத்தனை தடவை அலைகிறது என்பதை, மாற்றாது. அங்கே கரண்ட் 60 சைக்கிள், இங்கே 50. பழைய வகை சின்க்ரனஸ் மோட்டார் இந்தச் சைக்கிள் கணக்கைப் பார்த்துத்தான் சுற்றும். அதனால் நிமிஷத்துக்கு 33 தடவை சுற்ற வேண்டிய இடத்தில் 28கூட வராது. பாட்டு ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கும். பெண் குரல் எல்லாம் ஆண் குரலாகக் கேட்டிருக்குமே? மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை 50 சைக்கிள் புல்லியாக மாற்றினால் சரியாகிவிடும். சில மாடலுக்கு அது கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பழையதைக் காட்டி, விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கடைந்து வாங்குங்கள்.

ஒரு புது எல்.பி. மூவாயிரம் ரூபாய் என்கிறார்கள். அவ்வளவு கொடுத்து வாங்க வேண்டுமா?
— மாங்கூழ் ஆலைத் தொழிலாளி, கிருஷ்ணகிரி

வேண்டாம். முதலில் பேண்ட்கேம்ப் மாதிரியான தளங்களில் முழுத் தட்டையும் கேளுங்கள். சுமாரான பெட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் போதும். போனின் சொந்த ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அது பாக்கெட்டுக்குள் இருக்கிற குழாய் ஸ்பீக்கர். அப்படிக் கேட்டு, ஆறு மாசம் கழித்தும் ஞாபகம் வருகிற தட்டை வாங்குங்கள். கலர் கலராக ஊற்றின தட்டுக்குக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை, சத்தம் ஒன்றுதான்.

அந்தத் தளங்களில் தேடிக் கேட்க ஒன்று சொல்கிறேன்: ரூபா பாடிய ‘டிஸ்கோ ஜாஸ்’. வங்காளத்துப் பெண், கனடாவில் பதிவு, சரோத் ஆஷிஷ் கான். 1982ல் இங்கே வெளிவந்து, யாரும் வாங்காமல் அப்படியே போய்விட்டது. பல வருஷம் கழித்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பழைய பிரதிக்கு அடித்துக்கொள்ள, 2019ல் அமெரிக்காவின் நியூமெரோ குரூப் மறுபடி அச்சடித்தது. அந்த வருஷங்களில் எடைக்குப் போன கட்டுகளில் அது எத்தனை போயிருக்குமோ, நினைத்தால் எனக்கு வயிறு எரியும். சின்ன ரெக்கார்டு, அதுதான் 45, அதன் மேல் பிரியம் இருந்தால் இங்கிலாந்தின் கார்னர்ஷாப் குழுவின் 1997 எல்.பி.யில் ஆஷா போஸ்லேவுக்காக ஒரு பாட்டு உண்டு. பாட்டே 45 தட்டைப் பற்றியதுதான். பிரபலமானது ஃபேட்பாய் ஸ்லிம் என்கிற டி.ஜே. வேகப்படுத்தின வடிவம். எனக்கு மெதுவான அசல்தான் பிடிக்கும்.

தங்கை கல்யாண வரவேற்பு தருமபுரியில். சோல் பாட்டுப் போடலாம் என்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். அனுபவஸ்தர் நீங்கள் சொல்லுங்கள்.
— வாசகர், பாலக்கோடு

போடலாம், நேரம் பார்த்துப் போட வேண்டும். மாப்பிள்ளை பெண் மேடைக்கு வரும்போது போட்டால் பெரியப்பா எழுந்து வருவார். அந்த நேரம் நாதஸ்வரம் இருக்கட்டும். முதல் பந்தி உட்கார்ந்து சாம்பார் வருகிறபோது, சத்தத்தைக் குறைத்து அல் க்ரீனின் ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ (1972) வையுங்கள். பிரியாமல் இருப்போம் என்கிற பாட்டு, யாரும் குற்றம் சொல்ல முடியாது. ரெண்டாம் பந்தியில் பிள்ளைகள் ஓடி விளையாட ஆரம்பிப்பார்கள். அப்போது ஸ்டீவி வொண்டரின் ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ (1976) தட்டிலிருந்து ‘சர் ட்யூக்’. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்து ஓடுகிற இடத்தில் பேண்டு செட்டுக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். அதே தட்டில் ‘இஸன்ட் ஷி லவ்லி’ இருக்கிறது. தன் மகள் பிறந்ததற்கு அவர் பாடினது, குழந்தை அழும் சத்தத்தோடு தொடங்கும். அதைக் கல்யாணத்தில் போட்டுவிடாதீர்கள், காதுகுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, மண்டபத்துக்குள் பேஸ் பெட்டி ரெண்டு வைக்கச் சொல்லுங்கள். குழாயில் போடுவதாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.